பாதி வார்த்தை நீலமான கதை: ஒரு சங்கத் தளத்தின் இணைப்பு அட்டவணை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மொரிஷியஸில் பிளேன் வில்ஹெம்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தமிழ்ச் சங்கத்தின் இணையதளத்தில் 2024 நவம்பர் முதல் 2025 ஜூன் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். சங்கம், ஆட்கள், செருகுநிரல்கள் (தளத்துக்குக் கூடுதல் வேலைகளைச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) ஆகியவற்றின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அந்தத் தளத்தைச் சம்பளமில்லாமல் பராமரிப்பவன் நான்தான். ஆகவே கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

தளம் வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இயங்குகிறது. பத்தாண்டுகளாகச் சேர்ந்த சரக்கு அதில் இருக்கிறது. பிரெஞ்சிலும் தமிழிலுமாகச் சுமார் 350 கட்டுரைகள், 40 நிலையான பக்கங்கள், 200 பதிகங்கள், நிகழ்ச்சி அறிவிப்புகள், இரங்கல் குறிப்புகள். கட்டுரைகள் கோவில் வரலாறு முதல் ஏழு கறி விருந்து வரை, காவடி நாளின் பால் செம்பு முதல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கைவினைஞர்கள் வரை எல்லாவற்றையும் தொடும். பதிகங்களைத் தமிழ் எழுத்தில் ஒரு பத்தியாகவும் ரோமன் எழுத்தில் ஒரு பத்தியாகவும் போட்டிருக்கிறோம். எங்கள் வீடுகளில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி. தேவாரம் பாடும் பிள்ளைகளில் பலர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள்.

வேர்ட்பிரஸின் தரவுத்தளம் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டுரை, பக்கம், பதிவேற்றிய ஒவ்வொரு படம், சேமிக்கும்போதெல்லாம் எடுத்துவைக்கப்படும் பழைய படி, மெனுவில் உள்ள ஒவ்வொரு வரி என எல்லாமே ஒரே அட்டவணையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும். எது எது என்று பிரித்துக் காட்டுவது ‘வகை’ என்ற ஒரு பத்தி மட்டுமே. 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து யார் வேண்டுமானாலும் சுலபமாகப் புது வகை ஒன்றைப் பதிவு செய்து கொள்ளலாம். நன்கொடைச் செருகுநிரல் ‘ரசீது’ என்று ஒரு வகையை உண்டாக்கும். தொடர்புப் படிவம் ‘வந்த கடிதம்’ என்று ஒரு வகையை உண்டாக்கும். இவற்றில் பல வகைகள் தளத்துக்கு வருகிறவர் கண்ணில் படவே படாது. ஆனால் அவையும் அதே அட்டவணையில்தான், கட்டுரைகளோடு கட்டுரையாக இருக்கும். இந்த வழக்கின் வேர் அங்கே இருக்கிறது.

செருகுநிரல் வந்த விதம்

2024 நவம்பரில் சங்கத்தின் செயலாளர் ஒரு குறை சொன்னார். நியாயமான குறை. கட்டுரைகள் தனித்தனித் தீவுகளாகக் கிடக்கின்றன. தைப்பூசம் பற்றிப் படிப்பவருக்குப் பால் செம்பு பற்றிய கட்டுரை இருப்பதே தெரிவதில்லை. கையால் இணைப்புப் போட ஆளில்லை. எனவே தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாக உள்ளிணைப்பு போடும் செருகுநிரல் ஒன்றை நிறுவினேன். அது செய்யும் வேலை எளிமையானது. தளத்தில் உள்ளவற்றின் தலைப்புகளை ஒரு அட்டவணையாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு கட்டுரையின் உடலில் அந்தத் தலைப்பு தென்பட்டால் அதை இணைப்பாக மாற்றும், அல்லது எழுதுகிறவருக்குப் பரிந்துரைக்கும்.

அமைப்புப் பக்கத்தில் ‘எந்த வகைகள்’ என்ற தலைப்பில் சில தேர்வுப்பெட்டிகள் இருந்தன. கட்டுரை, பக்கம், பதிகம், நிகழ்ச்சி, இரங்கல், ஊடகம் ஆகிய ஆறிலும் குறி போட்டே வந்திருந்தது. நான் எதையும் தொடவில்லை. ‘எல்லாம் இருக்கட்டுமே, இணைப்பு அதிகமானால் நல்லதுதானே’ என்று நினைத்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

டிசம்பரில் வேறொரு வேலையாகப் பஞ்சாங்கச் செருகுநிரல் ஒன்றையும் சேர்த்தேன். அது தமிழ் மாதங்களைத் தனி வகையாக வைத்துக்கொள்வது. தை, மாசி, ஆடி, ஆனி என்று பன்னிரண்டு உருப்படிகள். தலைப்பு வெறும் மாதப் பெயர். இந்த இரண்டு செருகுநிரல்களும் ஒன்றையொன்று சந்திக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் தெரிந்தது

2025 பொங்கல் கழிந்த சனிக்கிழமை, ஜனவரி 18. எங்கள் பதிகங்களைச் சரிபார்த்துத் தரும் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர், பிள்ளைகளுக்குத் திரையில் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பாடம் அப்பரின் ‘மாசில் வீணையும்’. ஒரு சிறுமி கேட்டிருக்கிறாள்: ஏன் பாதி வார்த்தை மட்டும் நீலமாக இருக்கிறது?

பார்த்தால், ‘மாசில்’ என்ற சொல்லில் ‘மாசி’ வரைக்கும் அடிக்கோடிட்ட நீல இணைப்பு. ‘ல்’ மட்டும் கறுப்பு. நீலத்தை அழுத்தினால் மாசி மாதப் பஞ்சாங்கம் திறக்கிறது. மாசு இல்லாத வீணையை மாசி மாதத்து வீணையாக்கி வைத்திருக்கிறது எங்கள் தளம்.

ஆசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாகக் கிரியோலில் பேசுகிறவர், அன்று தமிழில் ஆரம்பித்தார். அதிலிருந்தே கோபம் புரிந்தது. “தம்பி, திருமுறைக்குள் கைவைக்க உங்கள் யந்திரத்துக்கு யார் அனுமதி கொடுத்தது?” என்றார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ‘நான்தான், பெட்டியைப் பார்க்காமல் விட்டு’ என்பது. அன்றைக்கு அதை நான் சொல்லவில்லை. எழுத்துருக் கோளாறாக இருக்கும் என்று சொன்னேன்.

முதல் தீர்வும் அது தோற்றதும்

அந்தப் பதிகத்தைத் திறந்து இணைப்பை நீக்கப் போனேன். நீக்க அங்கே எதுவும் இல்லை. சேமித்து வைத்த உரையில் இணைப்பே கிடையாது. பக்கம் காட்டப்படும் தருணத்தில் செருகுநிரல் அதைச் சேர்க்கிறது. எனவே ‘தவிர்க்க வேண்டிய சொற்கள்’ பட்டியலில் ‘மாசி’யைப் போட்டேன். நீலக்கோடு மறைந்தது. வேலை முடிந்தது என்று எண்ணினேன்.

ஒரு வாரத்துக்குள் காவடி பற்றிய கட்டுரையில் ‘காவடி ஆடிய பக்தர்கள்’ என்ற இடத்தில் ‘ஆடி’ நீலமானது. அழுத்தினால் ஆடி மாதம். அதைத் தவிர்ப்புப் பட்டியலில் சேர்த்தேன். அடுத்து ‘மலைப் பாதையில்’ என்பதில் நட்டநடு எழுத்தான ‘தை’ மட்டும் இணைப்பானது. அந்தக் கட்டத்தில்தான் சொல் சொல்லாகத் துரத்துவதை நிறுத்தினேன்.

இந்தப் பாதி வார்த்தை விவகாரம் தமிழில் தளம் நடத்துகிற எல்லோருக்கும் வரக்கூடியது. ஆகவே காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கணினிக் குறியேற்றத்தில் ‘தை’ என்பது ஓர் எழுத்து அல்ல. ‘த’ ஒரு குறி, அதைத் தொடரும் ஐகாரக் கொம்பு இன்னொரு குறி. ஒரு சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கச் செருகுநிரல் பயன்படுத்திய வழக்கமான தேடல் முறை, ‘த’வை எழுத்து என்று ஒப்புக்கொள்கிறது, கொம்பு, கால், புள்ளி முதலிய துணைக்குறிகளை எழுத்தாக மதிப்பதில்லை. இடைவெளியும் கமாவும் எந்த ஜாதியோ அந்த ஜாதியில் அவற்றையும் சேர்த்துவிடுகிறது. எழுத்தும் எழுத்தல்லாததும் சந்திக்கும் இடமே அதற்குச் சொல்லின் எல்லை.

இப்போது ‘பாதையில்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘பா’வின் காலுக்கும் ‘த’வுக்கும் இடையே ஓர் எல்லை. ‘தை’யின் கொம்புக்கும் ‘யி’க்கும் இடையே இன்னோர் எல்லை. ஆக, நடுவில் ‘தை’ என்று ஒரு முழுச்சொல் நிற்பதாக அது முடிவு கட்டுகிறது. வேடிக்கை இதோடு முடியவில்லை. ‘தை மாதம்’ என்று தனியாக எழுதினால் கொம்பை அடுத்து இடைவெளி வருகிறது. இரண்டுமே எழுத்தல்லாதவை; எனவே அங்கே எல்லை இல்லை, இணைப்பும் இல்லை. உண்மையான தை மாதம் வரும் இடத்தில் சும்மா இருந்துவிட்டு, பாதையின் நடுவில் போய்த் தை மாதத்தைக் கண்டுபிடிக்கிறது. எங்கள் நாட்டு ரூபாய்த் தாளில் தொகையைத் தமிழ் எழுத்திலும் தமிழ் எண்ணிலும் அச்சிடுகிறார்கள். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு நம் புள்ளி இன்னும் எழுத்தாகவில்லை.

ஆனால் இது பாதிக் காரணம்தான். ‘தை’, ‘மாசி’, ‘ஆடி’ என்ற குட்டித் தலைப்புகள் அட்டவணைக்குள் வராமல் இருந்திருந்தால் எல்லைக் குழப்பம் இவ்வளவு நாசம் செய்திருக்காது. டிசம்பரில் சேர்ந்த மாத வகை, யாரும் கேட்காமலே எப்படி உள்ளே வந்தது?

விடுமுறை நாளில் எண்ணிப் பார்த்தது

ஜனவரி 29 சீனப் புத்தாண்டு. இங்கே பொது விடுமுறை. காலையிலேயே உட்கார்ந்து தரவுத்தளத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: செருகுநிரலின் அட்டவணையில் எந்த வகையில் எத்தனை உருப்படிகள்?

மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். எங்கள் கட்டுரை, பக்கம், பதிகம், நிகழ்ச்சி, இரங்கல் எல்லாம் சேர்த்தே தொள்ளாயிரத்தைத் தொடாது. மிச்சத்தில் நான்காயிரத்துக்கு மேல் படங்கள். மூவாயிரத்துக்கு மேல் கட்டுரைகளின் பழைய படிகள். மெனு வரிகள். பன்னிரண்டு மாதங்கள். நன்கொடை ரசீதுகள் ஐந்நூற்றுக்கு மேல்.

நிரலைத் திறந்து படித்ததில் விஷயம் தெரிந்தது. தேர்வுப்பெட்டிகள் ‘இதைச் சேர்’ என்று கேட்பது போலத் தோன்றினாலும், உள்ளே நடப்பது எதிர்மாறு. தளத்தில் பதிவான எல்லா வகைகளையும் எடுத்துக்கொண்டு, குறி நீக்கிய வகைகளை மட்டும் கழிக்கிறது. திரையிலோ பொதுப் பார்வைக்குரியவை என்று அறிவிக்கப்பட்ட வகைகள் மட்டுமே தெரிகின்றன. மறைவான வகைகளுக்குப் பெட்டியே கிடையாது. பெட்டி இல்லாததைக் கழிக்கவும் வழியில்லை. இனிமேல் எந்தச் செருகுநிரல் எந்தப் புது வகையைக் கொண்டுவந்தாலும் அது தானாக உள்ளே போகும். மாதங்கள் நுழைந்த வழி அதுதான்.

பழைய படிகள் வந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. வேர்ட்பிரஸில் ஒவ்வொரு வரிசைக்கும் ‘நிலை’ என்று ஒரு பத்தி இருக்கிறது: வெளியானது, வரைவு, இப்படி. படங்களுக்கு அந்த இடத்தில் ‘மூலத்தின் நிலையே இதற்கும்’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கும். பழைய படிகளுக்கும் அதே சொல். படங்களைச் சேர்ப்பதற்காக அந்த நிலையை அனுமதித்தவர்கள், பின்னாலேயே பழைய படிகளும் வருவதைக் கவனிக்கவில்லை.

ரசீதுகளும் அப்படித்தான். பணம் வந்துசேர்ந்த ரசீதுக்கு நன்கொடைச் செருகுநிரல் கொடுத்திருந்த நிலை ‘வெளியானது’. அதன் அகராதியில் அதற்குப் பொருள் ‘முடிந்தது’ என்பது. இணைப்புச் செருகுநிரலின் அகராதியில் ‘உலகம் பார்க்கலாம்’ என்று பொருள்.

ரசீது

அன்று பிற்பகல் நிலைமை வேறாயிற்று. பிரெஞ்சில் உள்ள ஒரு கோவில் வரலாற்றுக் கட்டுரையில், இத்தீவின் தமிழரிடையே தெருவுக்குத் தெரு காணப்படும் ஒரு குடும்பப் பெயர் வருகிறது. அது நீலமாக இருந்தது. அழுத்தினால் ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பு. ரசீதுக்குப் பொதுப் பக்கம் கிடையாது, அதுவரை நல்லது. ஆனால் கணினியில் சுட்டியை அந்தப் பெயர்மேல் கொண்டுபோனால் ஒரு சிறு பெட்டி தோன்றியது. அதில் இலக்கின் முழுத் தலைப்பு: நன்கொடையாளரின் முழுப்பெயர், ஒரு சிறுகோடு, தொகை.

நூறாண்டுக்கு முன் கல் சுமந்தவரைப் பற்றிய வாக்கியத்தில், போன ஆண்டு ஒருவர் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

தேடியதில் இப்படி நான்கு இடங்கள். மூன்று பேருடைய ரசீதுகள்.

எடுத்த முடிவுகளை எடுத்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் செருகுநிரலை முழுதாக நிறுத்தினேன். அமைப்பைத் திருத்திப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தது உண்மை. ஆனால் பிப்ரவரி 11 தைப்பூசம். கொடியேற்றத்துக்குச் சில நாள்களே இருந்தன. விரதம் தொடங்கிவிட்டால் தளத்துக்கு ஆண்டிலேயே அதிகம் பேர் வருவார்கள். புரியாத ஒன்றை ஓடவிட்டுப் பழுது பார்க்கும் காலம் அது அல்ல. இரண்டாவதாக, பக்கங்களின் சேமித்த நகல்களை எல்லாம் அழித்தேன். செருகுநிரலை நிறுத்தினாலும் இடைச்சேமிப்பில் உள்ள பழைய பக்கம் அந்தச் சிறு பெட்டியோடுதான் போய்க்கொண்டிருக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நானும் பத்து நிமிடம் மறந்தேன்.

மூன்றாவதாகச் செயலாளரை அழைத்தேன். அவருக்குத் தொழில்நுட்பம் தெரியாது, சட்டம் தெரியும். மொரிஷியஸின் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவருடைய தனிப்பட்ட விவரம் கசிந்தது தெரியவந்தால், இயலுமானவரை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரம் முடிவது பிப்ரவரி 1, சனிக்கிழமை; அடிமை ஒழிப்பு நாள் விடுமுறை வேறு. ‘பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்க்கிறார்கள், கைபேசியில் அந்தப் பெட்டி தோன்றாது, எனவே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்’ என்று நான் வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதையும் அறிவிப்பிலேயே எழுதிவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை அறிவிப்பு போயிற்று. அந்த மூன்று பேரையும் செயலாளரே தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். இருவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாமவர் பெயர் வெளியிடாமல் கொடுக்க விரும்பியவர். அவர் வருத்தப்பட்டார், நியாயம்தான்.

இரண்டு பத்திகள்

தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி 16, ஆசிரியை வீட்டில் நால்வர் கூடினோம்: அவர், செயலாளர், கணினி படித்துவிட்டு வேலைக்குப் போகும் ஓர் இளைஞர், நான். தேநீரும் காத்தோ பிமா என்ற மிளகாய் வடையும் வந்தன. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினோம்.

எந்த வகைகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்று ஒரே பட்டியலாகத்தான் நான் ஆரம்பித்தேன். கட்டுரை: சேர். பதிகம்: ஆசிரியை ‘சேர்க்காதே’ என்றார், செயலாளர் ‘சேர்’ என்றார். கால் மணி நேரம் வாதம். இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுவதை இளைஞர்தான் கண்டுபிடித்தார். செயலாளர் கேட்பது, கட்டுரையில் ஒரு பதிகத்தின் பெயர் வந்தால் அங்கிருந்து பதிகத்துக்குப் போக வழி. ஆசிரியை மறுப்பது, பதிகத்தின் வரிகளுக்குள்ளே இணைப்பு முளைப்பதை. ஒன்று இணைப்பு போய்ச் சேரும் இடம். மற்றது இணைப்பு புறப்படும் இடம்.

இளைஞர் தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டு இரண்டு பத்திகள் ஆக்கினார்: ‘புறப்படலாமா’, ‘வந்து சேரலாமா’. அதற்குப் பிறகு பெரும்பாலானவை வேகமாக முடிந்தன. பதிகம்: வந்து சேரலாம், புறப்படக் கூடாது. கட்டுரை: இரண்டும் சரி. நிகழ்ச்சி அறிவிப்பு பதிகத்துக்கு நேர்மாறு. ‘இந்த ஆண்டுக் காவடி இத்தனை மணிக்கு’ என்ற அறிவிப்பிலிருந்து வரலாற்றுக் கட்டுரைக்குப் போகலாம். ஆனால் நிரந்தரமான கட்டுரை ஒன்று முடிந்துபோன நிகழ்ச்சிக்கு யாரையும் அனுப்பக் கூடாது. நிலையான பக்கம்: வந்து சேரலாம், புறப்பட வேண்டாம். படம், மாதம், மெனு, படிவம், ரசீது: இரண்டும் இல்லை.

படங்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது. படங்களுக்குத் தலைப்பு கொடுக்கும் பழக்கமுள்ள ஒருவர் எங்களிடம் முன்பு இருந்தார். அவர் நூற்றுக்கணக்கான படங்களுக்குக் ‘காவடி’ என்றே தலைப்பிட்டிருக்கிறார். பிரெஞ்சுக் கட்டுரைகளில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம், எங்கள் நல்ல கட்டுரைக்குப் போக வேண்டிய வாசகர், ஒற்றைப் படம் மட்டும் உள்ள வெற்றுப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். வேர்ட்பிரஸ் 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து புதிய தளங்களில் இப்படிப் படத்துக்கென்று தனிப் பக்கம் திறப்பதை நிறுத்திவிட்டது. எங்களுடையது பழைய தளம். பழைய பழக்கம் அப்படியே இருந்தது. அதையும் அணைத்தோம்.

உண்மையில் கடினமாக இருந்தது இரங்கல் குறிப்பு. செயலாளருக்கு, இறந்தவர் எழுதிய கட்டுரைகளோடு அவருடைய குறிப்பு இணைந்திருக்க வேண்டும் என்ற ஆசை. அழகான ஆசை. ஆனால் எங்கள் பெயர்கள் பொதுப் பெயர்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். உயிரோடு இருப்பவரின் பெயரை அழுத்தினால் வேறொருவரின் இரங்கல் திறந்தால் என்ன ஆகும் என்று ஆசிரியை கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு பத்திகளிலும் ‘இல்லை’ என்று எழுதினோம். தேவையான இடத்தில் கையால் போட்டுக்கொள்ளலாம்.

செய்தது

முக்கியமான முடிவு, கழிக்கும் பட்டியலை விட்டுச் சேர்க்கும் பட்டியலுக்கு மாறியது. எழுதிவைத்த வகைகள் மட்டும் உள்ளே. எழுதாதது எதுவானாலும் வெளியே. செருகுநிரல் அட்டவணை தயாரிக்கும்போது வகைகளின் பட்டியலைத் திருத்தித் தர ஒரு வடிகட்டி வைத்திருந்தது. அதைப் பிடித்து, வந்த பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு எங்கள் பட்டியலை மட்டும் திருப்பிக் கொடுக்கும் சிறு நிரலை இளைஞர் எழுதினார். புறப்படும் பத்திக்கு இன்னொன்று. இவற்றை வேர்ட்பிரஸில் கட்டாயம் இயங்கும் செருகுநிரல்களுக்கான கோப்புறையில் வைத்தோம். நிர்வாகத் திரையிலிருந்து யாரும் தெரியாமல் நிறுத்திவிட முடியாது. மொத்தம் நாற்பது வரிகூட இல்லை. அதில் பாதி, ஒவ்வொரு வகையும் ஏன் உள்ளே அல்லது வெளியே என்ற குறிப்புரை.

அமைப்பை மாற்றியதும் அட்டவணை தானாகச் சுத்தமாகும் என்று எதிர்பார்த்தோம். ஆகவில்லை. புதிதாகச் சேர்வதற்குத்தான் புது விதி. ஏற்கனவே உட்கார்ந்திருந்த ஒன்பதாயிரமும் அப்படியே இருந்தன. அட்டவணையை அடியோடு காலி செய்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. முன்பு நவம்பரில் இந்த வேலை, வழங்கி ஒரு வேலைக்குத் தரும் முப்பது நொடி வரம்பில் அறுந்து அறுந்து இரண்டு இரவு ஓடியது. இந்த முறை ஓரிரு நிமிடத்தில் முடிந்தது.

மிஞ்சியது உரைக்குள் பதிந்துபோன இணைப்புகள். பக்கம் காட்டும்போது முளைப்பவை செருகுநிரலை நிறுத்தியதும் போய்விட்டன. ஆனால் நவம்பர், டிசம்பர் மாதங்களில் கட்டுரை எழுதியவர்கள் பரிந்துரைகளை ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியிருக்கிறார்கள். அவை கட்டுரையின் உடலிலேயே சேமிக்கப்பட்டவை; எந்த அமைப்பும் அவற்றைத் தொடாது. படப் பக்கங்களுக்கும் பழைய படிகளுக்கும் போகும் இணைப்புகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும். பிப்ரவரி இறுதியில் காரான்ஸ் புயல் பக்கத்து ரீயூனியன் தீவுக்குப் போகும் வழியில் எங்களையும் வீட்டுக்குள் அடைத்து வைத்தது. மின்சாரம் இருந்த வரைக்கும் அந்த வேலையைச் செய்தேன். ஆசிரியை தம் வீட்டிலிருந்து வாசித்துச் சொல்ல, நான் நீக்கினேன்.

பின்னர்

மார்ச் முதல் வாரத்தில் செருகுநிரலை மறுபடி ஓடவிட்டோம். இணைப்புகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. இருப்பவை பெரும்பாலும் போக வேண்டிய இடத்துக்குப் போகின்றன. பதிகங்கள் சுத்தமாக இருக்கின்றன.

வகைகளைக் கட்டுப்படுத்தியதால் சொல்லெல்லைக் குழப்பம் தீரவில்லை. அது மறைந்துதான் இருந்தது. மார்ச்சிலேயே ‘வேல்’ என்ற கட்டுரைக்கு ‘வேல்முருகன்’ என்ற பெயரின் முன்பாதியிலிருந்து இணைப்பு போனது. முறைப்படி அனுமதிக்கப்பட்ட வகையிலிருந்து, அனுமதிக்கப்பட்ட வகைக்கு, ஆனாலும் தவறு. எனவே தமிழ்ப் பக்கங்களில் தானாக இணைக்கும் வேலையை நிறுத்திவிட்டோம். எழுதுகிறவருக்குப் பரிந்துரை மட்டும் வரும். அவர் பார்த்து ஏற்றால் உண்டு. பிரெஞ்சுப் பக்கங்களில் தானாகவே நடக்கிறது.

சேர்க்கும் பட்டியலுக்கு ஒரு விலை உண்டு. ஏப்ரலில் இளைஞர் அணி தங்கள் பேட்டிகளுக்கென்று புது வகை ஒன்றைத் தொடங்கியது. மே மாதம் வரை அவற்றுக்கு ஒரு இணைப்பும் போகவில்லை. எங்களை ஒதுக்குகிறீர்களா என்று கேட்டார்கள். யாரும் பட்டியலில் எழுதவில்லை, அவ்வளவுதான். ஒரு வரி சேர்த்தோம். இந்த விலையைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. மறந்துபோனால் ஒரு பேட்டிக்கு இணைப்பு வராமல் போவதற்கும், மறந்துபோனால் ஒருவருடைய ரசீது வெளியே வருவதற்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்க என்ன இருக்கிறது.

மறுபடி செய்தால் மாற்றிச் செய்வது

நிறுவிய அன்றே அட்டவணையில் வகைவாரியாக எண்ணிப் பார்ப்பேன். அந்த ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஜனவரி 29 வரை நான் அதைக் கேட்கவில்லை. திரையில் தெரியும் பெட்டிகளை நம்ப மாட்டேன்.

முதல் புகார் வந்தபோது எழுத்துருமேல் பழி போட மாட்டேன். சொல்லைத் தவிர்ப்புப் பட்டியலில் போட்டது பதினொரு நாளை வீணாக்கியது. அந்தப் பதினொரு நாளும் ரசீதுகள் வெளியே தொங்கின.

நன்கொடை விவரங்களை இதே தளத்தில் வைத்திருப்பதே சரியா என்பது தனிக் கேள்வி. ஜூன் மாதக் கூட்டத்தில் அதை வேறிடத்துக்கு மாற்ற முடிவாயிற்று. அதுவரை ரசீதின் தலைப்பில் பெயரும் தொகையும் இல்லாமல் வெறும் எண் மட்டும் வரும்படி மாற்றி வைத்திருக்கிறோம். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

இரங்கல் குறிப்புகள் பற்றிச் செயலாளர் இன்னும் சமாதானமாகவில்லை. கையால் இணைப்பதற்காக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். இதுவரை அதில் ஏழு பெயர்கள்.